களவும் கணக்கும்: தேம்சு நதிக்கரை உரைக்கும் வரலாறு

மனிதன் குற்றஞ் செய்வது எதனால்? இவ்வினாவுக்கு உலகம் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கூறி வந்துள்ளது. பிறவியிலமைந்த தீய இயல்பினாற் செய்கின்றான் என்றனர் சிலர். வறுமையினாற் செய்கின்றான் என்றனர் சிலர். தீயோர் கூட்டுறவினாற் செய்கின்றான் என்றனர் வேறு சிலர். இவற்றினின்றும் வேறான விடையொன்றும் உண்டு. குற்றஞ் செய்வோனும் நம்மைப் போல எண்ணிப் பார்ப்பவனே. கிடைக்கும் பயன் இவ்வளவு, நேரக்கூடிய துன்பம் இவ்வளவு, அகப்படாது தப்பும் வழி இது எனத் தன் மனத்துள் ஒரு கணக்கிட்டே செயலில் இறங்குகின்றான். ஆதலின் அவனுடைய குணத்தை மட்டுமன்றி, அவன் முன்னே திறந்து கிடந்த வாய்ப்பையும் ஆராய்தல் வேண்டும் என்பதே அவ்விடை.

இக்கருத்து இன்று குற்றவியல் நூல்களிற் பெரிதும் பேசப்படுகின்றது. ஆயினும் இது புதியதன்று. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலே தெளிவான வடிவம் பெற்று, இங்கிலாந்திலே வளர்ந்து, இலண்டன் மாநகரின் தேம்சு நதிக்கரையிலே நடைமுறைச் சோதனைக்கு உள்ளாயிற்று. அச்சோதனையின் வரலாற்றை நோக்கின், இக்கொள்கையில் அமைந்த உண்மை எத்துணை என்பதும், அது எவ்விடத்திற் கண்ணை மூடிக்கொண்டது என்பதும் ஒருங்கே புலனாகும்.

முதலில் இத்தாலியை நோக்குவோம். மிலான் நகரம் அக்காலத்தில் ஒஸ்திரிய அப்ஸ்பேக்கு மரபினரின் ஆட்சியில் இருந்தது. ஐரோப்பாவின் நீதிமன்றங்கள் பலவற்றிற் சித்திரவதை, உண்மையை அறியும் முறையாகவே கையாளப்பட்டது. இந்நிலையில் 1764ஆம் ஆண்டில், ஆசிரியர் பெயரின்றி, 'குற்றங்களும் தண்டனைகளும்' என்னும் பொருள்பட்ட சிறு நூலொன்று வெளிவந்தது. அதனை எழுதியவர் செசாரே பெக்காரியா என்னும் இருபத்தாறு வயது இளைஞர். பியேற்றோ வெறி, அலெசாந்திரோ வெறி என்னும் உடன்பிறந்தார் அவருக்கு நண்பராய் இருந்து ஊக்கமளித்தனர். அவர்களுள் இளையவர் சிறைப்பட்டோரின் நலம் பேணும் பதவியில் இருந்து, சிறைக்கூடங்களின் நிலையை நேரிற் கண்டவர்.

பெக்காரியாவின் வாதம் எளிமையானது. தண்டனையின் நோக்கம் பழிவாங்குதலன்று. மேலுங் குற்றம் நிகழாது தடுத்தலே. மனிதன் இன்பத்தை நாடித் துன்பத்தை விலக்குபவன். ஆகவே குற்றத்தாற் பெறும் பயனிலுஞ் சிறிது மிகுந்த துன்பத்தைத் தண்டனை தருமாயின் அதுவே போதும். அதற்கு மேற்பட்டதெல்லாம் கொடுமை. அன்றியும், தண்டனையின் கடுமையிலும் அதன் நிச்சயமே மனிதரை மிகுதியாகத் தடுக்கும். தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கும்வரை பெருந்தண்டனையும் அச்சந்தராது. தப்ப முடியாதென அறிந்தால் மிதமான தண்டனையும் கையைத் தடுக்கும். குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையிலுள்ள காலம் குறுகியதாயும் இருத்தல் வேண்டும்.

இந்நூல் விரைவில் ஐரோப்பா எங்கும் பரவிற்று. பிரெஞ்சு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1766இல் வோல்தேயர் அதற்கு விளக்கவுரை எழுதினார். 1767இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. உரோமத் திருச்சபை 1766இல் அதனைத் தடைசெய்த நூல்களின் பட்டியலிற் சேர்த்தது. 1786இல் தஸ்கனி நாட்டின் அரசர் லெயோபோல்ட் மரணதண்டனையையே ஒழித்தார். ஈண்டு ஓர் உண்மையை நாம் மனங்கொள்ளல் வேண்டும். குற்றவாளி கணக்கிடுபவன் என்னும் கொள்கை இரக்கமற்றோர் கண்ட கொள்கை போலத் தோன்றலாம். ஆனால் அது பிறந்தது இரக்கத்தின் பொருட்டே. கணக்கிடத் தெரிந்தவனைத் தடுப்பதற்குச் சித்திரவதை வேண்டியதில்லை என்பதே அதன் முதற் பயன்.

இங்கிலாந்தில் இக்கொள்கையை விரித்துரைத்தவர் ஜெரமி பெந்தம் (1748-1832). 1789இல் வெளிவந்த தமது நூலில், இன்பதுன்பங்களை அவற்றின் வலிமை, நீடிப்பு, நிச்சயம், அண்மை முதலியவற்றால் அளவிடலாம் என அவர் கூறினார். தண்டனை நிச்சயமற்றதாகவும் தொலைவிலுள்ளதாகவும் இருக்குமளவுக்கு அதன் அளவைக் கூட்ட நேரிடும் என்பதும் அவர் கணக்கு. ஆங்கிலச் சட்டம் அவ்வாறுதான் அமைந்திருந்தது. ஆனால் அது யாரும் எண்ணிச் செய்த கணக்கன்று.

1688ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் மரணதண்டனைக்குரிய குற்றங்கள் ஏறத்தாழ ஐம்பது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை இருநூறுக்கு மேற்பட்டன. கடையில் ஐந்து சிலிங் பெறுமதியான பொருளைத் திருடுதலும், குடியிருக்கும் வீட்டில் நாற்பது சிலிங் பெறுமதியான பொருளைத் திருடுதலும் தூக்குக்குரியனவாயின. இத்துணைக் கடுமைக்குக் காரணம் யாது? சம்பளம் பெறும் பொலிஸ் படையொன்றை நிறுவுதல் தம் உரிமைக்கு ஊறாகும் என ஆங்கிலேயர் அஞ்சினர். காவலின்றிச் சொத்தைக் காக்க விரும்பியவர்கள், காவலுக்குப் பதிலாகத் தூக்குக் கயிற்றை நம்பினர்.

நம்பிக்கை பலிக்கவில்லை. வழக்கைத் தொடரும் பொறுப்பும் செலவும் பெரும்பாலும் பொருளை இழந்தவரையே சார்ந்தன. ஒரு சிறு பொருளுக்காக ஓருயிரைப் போக்க மனமின்றிப் பலர் வாளாவிருந்தனர். வழக்கு மன்றேறிய போதும் யூரர் இரங்கினர். நாற்பது சிலிங் பெறுமதியான பொருளைத் திருடினால் தூக்கு என்று சட்டங் கூற, திருடப்பட்ட பொருள் முப்பத்தொன்பது சிலிங்கே பெறும் எனத் தீர்ப்பளித்தனர். பிளக்ஸ்ரன் என்னும் சட்ட அறிஞர் இதனைப் பக்தி கலந்த பொய்ச்சத்தியம் என வருணித்தார். தண்டனை பெற்றோருள்ளும் பலர் மன்னிப்புப் பெற்றோ கடல் கடத்தப்பட்டோ உயிர் தப்பினர். எனவே, கணக்கிடத் தெரிந்த கள்வன் கண்டது யாது? ஏட்டில் தூக்கு, நடைமுறையில் தப்புவதற்கு நூறு வழி.

வில்லியம் பேலி என்னும் சமய அறிஞர் 1785இல் இம்முறையை ஆதரித்து எழுதினார். பல குற்றங்களுக்கு மரணத்தை விதித்துச் சிலரையே தூக்கிலிடுதல் நன்று. அச்சம் எல்லார்க்கும், தண்டனை சிலர்க்கு என்பது அவர் வாதம். இதனை மறுத்தவர் சர் சாமுவேல் உறொமிலி. அவரது முயற்சியால் 1808இல், பிறர் சட்டைப்பையிலிருந்து திருடுதல் மரணதண்டனையினின்று நீங்கியது. கடைத்திருட்டுக்கும் அவ்வாறே செய்ய அவர் கொணர்ந்த மசோதாவை 1810இல் பிரபுக்கள் சபை தோற்கடித்தது. பிரதம நீதியரசர் எலன்பரோ பிரபு அதனை வன்மையாக எதிர்த்தார். உறொமிலி 1818இல் இறந்தபோது அவர் எண்ணியதிற் சிறு பகுதியே நிறைவேறியிருந்தது.

ஆனால் சில ஆண்டுகளில், எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து அவர் கட்சிக்கு ஆதரவு வந்தது. பத்திரங்களிற் போலிக் கையொப்பமிடுதல் அக்காலத்தில் மரணதண்டனைக்குரிய குற்றம். அதனால் நட்டமடைவோர் வங்கியாளரே. அவ்வங்கியாளர்களே, இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களிலிருந்து ஒன்றுசேர்ந்து, இக்குற்றத்துக்கு மரணதண்டனை வேண்டாவென 1830இல் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பித்தனர். தண்டனை கடுமையாயிருப்பதனாற் சாட்சி சொல்வோரும் யூரரும் பின்னடைகின்றனர், குற்றவாளி தப்பிவிடுகின்றான், எங்கள் சொத்துக்குக் காவல் இல்லாது போகின்றது என்பது அவர்கள் முறைப்பாட்டின் சாரம். பெக்காரியா மனிதாபிமானத்தால் உரைத்ததை வங்கியாளர் இலாபநட்டத்தால் உணர்ந்தனர். 1837இல் போலிக் கையொப்பக் குற்றம் மரணதண்டனையினின்று முற்றாக நீங்கியது. 1861ஆம் ஆண்டளவில் அத்தண்டனைக்குரியனவாய் எஞ்சியவை நான்கு குற்றங்களே.

கடுமை பயனற்றதாயின், அதனிடத்தில் வைக்கத்தக்கது யாது? இவ்வினாவுக்கு விடை தேம்சு நதியிற் கிடைத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் உலகின் மிகப் பெரிய துறைமுகங்களுள் ஒன்று. ஆயினும், சுங்கப் பொருள்களை இறக்குதற்குச் சட்டம் அனுமதித்த துறைகள், இலண்டன் பாலத்துக்கும் கோபுரக் கோட்டைக்கும் இடையே ஏறத்தாழ 1,400 அடி நீளத்தில் அடங்கின. அவை எலிசபெத்து அரசியின் ஆட்சித் தொடக்கத்தில் வகுக்கப்பட்டவை. எனவே மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சீனியும் உறம் மதுவும் ஏற்றிவந்த கப்பல்கள் நடு ஆற்றில் நங்கூரமிட்டு வாரக்கணக்கிற் காத்துக் கிடந்தன. சரக்கு தோணிகளில் இறக்கப்பட்டு, இரவும் பகலும் திறந்த வெளியிற் கிடந்தது. களவுக்கு இதனினுஞ் சிறந்த வாய்ப்பை எவரும் அமைத்துக் கொடுத்தல் அரிது.

இந்நிலையை ஆராய்ந்தவர் பற்றிக் கொல்கூன். இவர் கிளாஸ்கோ நகரின் வணிகர்; அந்நகரின் தலைவராயும் இருந்தவர்; பின்னர் 1792இல் இலண்டனில் நீதவானானார். ஆற்றுக் களவை அவர் வகைப்படுத்திய முறை சுவையானது. கப்பல் அதிகாரிக்கும் சுங்கக் காவலருக்கும் கையூட்டளித்து இரவிற் சரக்கைக் கவர்வோர் 'இலேசுக் குதிரைவீரர்' எனப்பட்டனர். பகலிற் சரக்கிறக்கும்போதே, உள்ளுடையில் தைத்த பெரும் பைகளிற் சீனியை நிரப்பிச் செல்வோர் 'பாரக் குதிரைவீரர்'. கப்பலடியிற் சேற்றிலே தேடுவார் போல நின்று, மேலிருந்து எறியப்படும் பொதிகளைப் பெற்றுச் செல்வோர் வேறு. எலி பிடிப்போர் ஒரு கப்பலிற் பிடித்த எலிகளை உயிருடன் மற்றொரு கப்பலில் விட்டு, அவற்றையே மீண்டும் பிடித்துக் கூலி பெற்றதோடு, அச்சாட்டில் இரவிற் கப்பலேறிக் களவுஞ் செய்தனர் எனக் கொல்கூன் எழுதுகின்றார். ஆண்டுதோறும் ஏற்பட்ட இழப்பை 5,00,000 பவுண் என அவர் மதிப்பிட்டார். பொலிஸ் படையொன்றை நிறுவ வேண்டி வாதாடியவர் இட்ட கணக்காதலின் இதனை நாம் எச்சரிக்கையோடு கொள்ளல் வேண்டும். ஆயினும் இழப்புப் பெரிதென்பதில் ஐயமில்லை.

ஜோன் ஹரியற் என்பவரும் ஆற்றுக் காவற் படைக்குத் திட்டமொன்று வகுத்திருந்தார். பெந்தமும் சட்ட வரைவிலே துணைபுரிந்தார். மேற்கிந்திய வணிகர் பொருளுதவ, 1798 யூலை 2ஆம் நாள் வப்பிங் என்னுமிடத்தில் ஆற்றுப் பொலிஸ் நிலையம் திறக்கப்பட்டது. முதலாண்டுச் செலவு 4,200 பவுண். காப்பாற்றப்பட்ட சரக்கு 1,22,000 பவுண் பெறும் என நிலையத்தார் கூறினர். 1800இல் பாராளுமன்றம் அதனை அரசாங்கப் படையாக்கியது. றொபேட் பீல் 1829இல் நிறுவிய இலண்டன் மாநகரப் பொலிசுக்கு இது முன்னோடி. 1839இல் அதனோடு இணைக்கப்பட்டது.

படகில் ஓயாது சுற்றிவரும் காவலன் தூக்குமேடையிலும் மிகுதியாகக் களவைத் தடுத்தான். அதனோடு அமையாது, 1802இல் மேற்கிந்தியக் கப்பற்றுறை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 20 அடி உயர்ந்த மதில், அதனைச் சூழ அகழி, உள்ளே பூட்டிய பண்டசாலைகள்; கப்பல் நேரே மதிலுக்குட் புகுந்து சரக்கிறக்கியது. கள்வனின் மனத்தைத் திருத்த அங்கே எவரும் முயலவில்லை. அவன் முன் கிடந்த வாய்ப்பே நீக்கப்பட்டது.

இம்மட்டில் நிறுத்தினால் இது கணக்குக் கொள்கையின் வெற்றி வரலாறாகவே முடியும். ஆனால் வரலாறு இம்மட்டில் நிற்கவில்லை. 1798 ஒற்றோபர் 16ஆம் நாள் மாலை, நிலக்கரி திருடிய குற்றத்துக்காகச் சிலருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. உடனே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் கொண்ட கூட்டம் திரண்டு வப்பிங் நிலையத்தைத் தாக்கிற்று. சுடுபட்டு இருவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் பொலிசாருக்குத் துணைநின்றவர். வேறு எத்தனையோ தண்டனைகளைப் பார்த்துப் பழகிய மக்கள், சிறிது கரிக்கு விதித்த தண்டத்துக்கு ஏன் இவ்வாறு கொதித்தெழுந்தனர்?

விடை தொழிலாளரின் கூலிமுறையில் இருந்தது. நிலக்கரி இறக்குவோர் வேலை முடிவிற் சிறிது கரியை வீட்டுக்குக் கொண்டுசெல்வது நெடுங்கால வழக்கம். கப்பலிற் சிந்திய சீனியும் புகையிலையும் இறக்குவோர்க்குரியன எனக் கருதப்பட்டன. அரசினர் கப்பல் கட்டுந் தளங்களிலேயே, வெட்டி எஞ்சிய மரத்துண்டுகளைத் தச்சர் எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. 1801இல்தான் அது ஒழிக்கப்பட்டுப் பணமாக மாற்றப்பட்டது. சரக்கிறக்குவோர் சிலர் மிகக் குறைந்த கூலிக்கும், சில வேளை கூலியின்றியும் வேலைசெய்ய முன்வந்தனர் எனக் கொல்கூனே எழுதியுள்ளார். எடுப்பதே கூலியென்பது இருசாராருக்குந் தெரிந்ததே. இவ்வாறு எடுத்துச் சென்றவன், தன் கணக்கிலே கள்வனல்லன். தன் கூலியைப் பெற்றவன். முதல்நாள் வழக்குரிமையாய் இருந்தது மறுநாட் குற்றமாயிற்று. பீற்றர் லைன்போ என்னும் வரலாற்றாசிரியர் 1991இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

கொல்கூனும் இதனை அறியாதவரல்லர். ஆற்றுப் பொலிஸ் நிலையம் காவல் மட்டுஞ் செய்யவில்லை. சரக்கிறக்குவோரைப் பதிவுசெய்து, அவர்க்கு ஒழுங்கான கூலி கொடுக்கும் பகுதியொன்றையும் நடத்திற்று. தேம்சு நதியிற் களவு குறைந்தமைக்குக் காவல், மதில், கூலி என்னும் மூன்றும் காரணமாயின. பின்வந்தோர் முதலிரண்டையும் நினைவிற் கொண்டு மூன்றாவதை மறந்தனர்.

மறக்கப்பட்டது இன்னுமொன்று உண்டு. அச்சீனியை விளைவித்தவர் யார்? யமெய்க்கா முதலிய தீவுகளில், ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக் கொணரப்பட்ட அடிமைகளும் அவர் வழியினரும். கப்பலிலிருந்து ஒரு பை சீனியை எடுத்தவனைக் கள்வன் என்ற சட்டம், ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் கவர்ந்தவனைச் சொத்துடையவன் என்றது. 1833இல் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியபோது, 2,00,00,000 பவுண் இழப்பீடாக ஒதுக்கப்பட்டது. அது அடிமைகளுக்கன்று, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு. கள்வனின் கணக்கைத் துருவி ஆராய்ந்தோர், எது களவு என்பதைத் தீர்மானித்தவரின் கணக்கை ஆராயவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கொள்கை பின்தள்ளப்பட்டது. 1876இல் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்புறோசோ, குற்றவாளி பிறவியிலேயே வேறானவன், அவனை உடலுறுப்புக்களால் அறியலாம் என எழுதினார். பிழையென ஒதுக்கப்படும் வரை அக்கொள்கை பலரை மயக்கிற்று. 1968இல் அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் பெந்தத்தின் வழியை மீட்டுத் தந்தார். 1979இல் லோறன்ஸ் கோகன், மார்க்கஸ் பெல்சன் என்னும் இருவர், மனமுடைய குற்றவாளி, தகுந்த இலக்கு, காவலின்மை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் ஒருவேளையிற் கூடும்போதே குற்றம் நிகழும் என்றனர். கப்பலும் சீனியும் இருளும் கூடிய தேம்சு நதியை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. 1986இல் டெறெக் கோர்ணிஷ், றொனால்ட் கிளாக் என்போர், குற்றவாளியின் கணக்கு நிறைவானதன்று. அவசரத்திலும் அரைகுறை அறிவிலும் இடும் கணக்கே எனத் திருத்தஞ் செய்தனர்.

இதற்கு மேற்கு ஜேர்மனி நல்ல சான்றொன்று தந்தது. தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர்க்கு 1980இல் அங்கே உடனடித் தண்டம் விதிக்கப்பட்டது. உயிர் காக்கச் செய்த அவ்விதி களவையும் குறைத்தது. தற்செயலாகக் கண்ட சைக்கிளைத் திருடுபவன் தலைக்கவசத்தோடு வருவதில்லை. அஃதின்றி ஓட்டினால் அகப்படுவான். 1980இல் ஏறத்தாழ 1,50,000 ஆக இருந்த மோட்டார் சைக்கிட் களவுகள் 1986இல் ஏறத்தாழ 54,000 ஆயின. மோட்டார்க் கார்க் களவோ அதற்கேற்பக் கூடவில்லை. ஒரு வழி அடைபட்டால் கள்வன் மறுவழி தேடியே தீருவான் என்ற எண்ணம் எப்போதும் உண்மையன்று.

எனினும் எல்லாக் குற்றமும் கணக்கில் அடங்குவதில்லை. சினத்தால் ஓங்கிய கை கணக்கிடுவதில்லை. இவ்வுண்மை நம் நாட்டு வரலாற்றிலும் ஆராயப்பட்டது. 1956இல் பதவியேற்ற பண்டாரநாயக்க அரசாங்கம் மரணதண்டனையை நிறுத்தியது. பேராசிரியர் நோர்வல் மொறிஸ் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1959இல் அறிக்கை சமர்ப்பித்தது. அத்தண்டனையின் இருப்போ இன்மையோ கொலைகளின் தொகையை மாற்றியதற்குச் சான்றில்லை எனக் கண்டு, நிறுத்தத்தைத் தொடருமாறு அது பரிந்துரைத்தது. அதே ஆண்டு செப்ரெம்பரிற் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தார். நாட்டின் அதிர்ச்சியில் அப்பரிந்துரை ஒதுக்கப்பட்டுத் தூக்குத்தண்டனை மீண்டது. உறொமிலியின் மசோதாவைத் தோற்கடித்த அச்சமே ஒன்றரை நூற்றாண்டின் பின் இங்கும் நம்மிடையே பேசிற்று.

இவ்வரலாற்றால் நாம் பெறும் முடிவு இது. குற்றஞ் செய்வோனை எண்ணும் ஆற்றலுடைய மனிதனாகக் கொள்ளும் கொள்கை, அவனைப் பிறவிக் கொடியனாகக் கொள்ளும் கொள்கையிலும் உண்மையானது, அருளுடையது. அது தூக்குமேடையின் பயனின்மையைக் காட்டிற்று. காவலுக்கும் மதிலுக்கும் வழி கூறிற்று. ஆனால் மதில் கட்டுவோர், மதிலுக்கு வெளியே நிற்பவனுக்கு நேர்மையான வழியொன்று திறந்திருக்கின்றதா என்பதையும் தம் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். சேர்க்காதுவிடின் அக்கணக்கு வலியவனின் பேரேடாகவே முடியும். நம் வள்ளுவர் கள்ளாமையைத் துறவறவியலிலே தனிமனிதனின் உள்ளத்துக்கு அறமாக வைத்தார். செங்கோன்மையையும் வெருவந்த செய்யாமையையும் பொருட்பாலிலே அரசனின் கடனாக வைத்தார். இரண்டும் வேண்டும் என்பதே அம்முறைவைப்பு உணர்த்துவது.

பரீட்சை மண்டபத்தில் மேசைகளை விலக்கியிடும் ஆசிரியர், மாணவர் யாவரையும் கள்வர் எனக் கருதி அவ்வாறு செய்வதில்லை. நல்ல மாணவனும் மனந்தளரும் வேளையொன்று உண்டென அறிந்து, அவ்வேளையில் அவனைக் காக்கவே செய்கின்றார். ஆண்டு முழுவதும் பாடத்தைச் சரிவரக் கற்பியாது விட்டு, மேசைகளை மட்டும் அளந்து விலக்கியிடும் ஆசிரியரோ, கூலி கொடாது மதில் மட்டும் எழுப்பிய வணிகரை ஒப்பர். பாடத்தைக் கற்பித்த பின்னரே மேசையை விலக்கும் உரிமை நமக்கு உண்டு.